உயிர்க் கயிறும் ஓர் ஓமும்

எங்கள் வீட்டு முன்கதவுக்குப் பக்கத்தில், கதவுத் திறப்புகளும் கார்த் திறப்பும் தொங்கும் வரிசையின் கடைசிக் கொக்கியில், ஒரு சிவப்புக் கயிறு தொங்குகிறது. பழைய தொலைபேசி வயரைப் போலச் சுருண்டிருக்கும். ஒரு முனையில் சட்டையில் கொழுவுகிற சிறு கொளுக்கி. மறுமுனையில் போத்தல் மூடி அளவில் ஒரு கறுப்பு மூடி. வருகிறவர்கள் நாய்க்கயிறு என்று நினைத்து "நாய் எங்க?" என்று கேட்பார்கள். நாய் இல்லை என்றதும் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். கயிற்றில் கட்டியிருக்கும் மட்டைத்துண்டை எவரும் திருப்பிப் பார்ப்பதில்லை. அதில் பென்சிலால் ஒரே ஒரு சொல் எழுதியிருக்கிறது: "நிக்கல்ல."

அந்தக் கையெழுத்து அக்காவினுடையது. கூடப் பிறந்த அக்கா அல்ல. டென்மார்க்கில் பிராண்டே என்ற ஊரின் ஓரத்தில் நான் இரண்டு குளிர்காலம் வேலை செய்த கராஜில் வண்டி திருத்தியவர். மட்டக்களப்புக்காரர், ஐம்பதை நெருங்கியவர், பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர். கழுத்தில் ஒரு நகை இருக்காது. நகங்களில் கிறீஸ் போகாது. மீன்பிடி வள்ளத்து எஞ்சின்களில் பழகிய கை என்று ஒருவர் சொன்னார். இல்லை, இங்கே காற்றாலைத் தொழிற்சாலையில் பழகியது என்றார் இன்னொருவர். நான் அவரிடமே கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. கேட்காமல் மனத்துக்குள் வைத்து உருட்டுவதுதான் அந்த நாட்களில் என் பழக்கம். அக்காவோடு வேலை என்று தொலைபேசியில் சொன்னபோது யாழ்ப்பாணத்திலிருந்து மாமி, "மட்டக்களப்பு ஆக்களோட கொஞ்சம் பாத்துப் பழகு பிள்ளை" என்றார். படித்தவள் நான், அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சொல் எனக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது.

கராஜில் கோடையில் புல்வெட்டும் சிறு டிராக்டர்கள் வரும். இலையுதிர் காலம் முடிய ஸ்னேஸ்கூட்டர்கள் வரும். பனியில் ஓடும் ஸ்கூட்டருக்கு டெனிஷில் அதுதான் பெயர். அதை ஓட்ட டென்மார்க்கில் பனியும் போதாது, மலையும் கிடையாது. சுவீடனில் மரவீடு வைத்திருக்கிற டெனிஷ்காரர்கள் தங்கள் வண்டிகளை ட்ரெய்லரில் கட்டி இழுத்து வந்து எங்களிடம் விடுவார்கள். கோயிலில் யாராவது என் வேலை பற்றி விசாரித்தால் சிரிப்புத்தான். "பிராண்டேயில ஸ்னோ ஸ்கூட்டரோ? மழைத்தண்ணியிலயும் ஓடுமோ பிள்ளை?"

முதலாளியை எல்லோரும் மேஸ்டர் என்றே கூப்பிட்டோம். தொழில் தெரிந்த முதலாளிக்கு இங்கே அதுதான் மரியாதைச் சொல். ஒவ்வொரு வண்டிக்கும் அவர் ஒரு சோதனைத்தாள் வைத்திருந்தார். பெருவிரலால் அழுத்தும் அக்சிலேட்டர் விட்டதும் தானாகத் திரும்புகிறதா? பிரேக் பிடிக்கிறதா? வண்டியின் அடியில் சுற்றும் அகன்ற ரப்பர்ப் பட்டி அளவாக இழுபட்டிருக்கிறதா? முன்சறுக்குகள் இரண்டும் நேராக நிற்கின்றனவா? எஞ்சின் பெல்ட் தேயாமல் இருக்கிறதா, மாற்றுப் பெல்ட் ஒன்று வண்டியில் உண்டா? கடைசி வரி அந்தச் சிவப்புக் கயிறு. ஓட்டுகிறவர் அதைத் தன் ஜக்கெற்றில் கொழுவிக்கொள்ள வேண்டும். அவர் தவறி விழுந்தால் மூடி கழன்று எஞ்சின் அந்தக் கணமே நின்றுவிடும். டெனிஷில் அதற்கிருந்த பெயரை நேரே தமிழாக்கினால் 'செத்தவன் கயிறு'. நான் அப்படியே வாசித்த முதல் நாளில் அக்கா வண்டியடியிலிருந்து தலையை நீட்டினார்.

"அப்பிடிச் சொல்லாதீங்க மனே. ஆள் சாகாம இரிக்கத்தானே அந்தக் கயிறு? உயிர்க் கயிறு எண்டு வாசிங்க."

'மனே' என்றால் மகனே; அவர்கள் பக்கத்தில் பெண்ணையும் அன்பாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். அன்றிலிருந்து அது எங்களுக்கு உயிர்க் கயிறு.

அக்காவுக்கு டெனிஷ் கதைக்க வரும், வாசிக்க நேரமெடுக்கும். அதனால் நான் அலுவலகக் கண்ணாடி அறைக்குள் இருந்து வரிவரியாகத் தமிழில் வாசிப்பேன். அவர் வேலை செய்தபடி, ஆம் என்பதற்கு எங்கள் சொல்லான ஓமில் பதில் சொல்வார். நான் டெனிஷ் தாளில் சரி போட்டு, அடியில் என் பெயரின் முதலெழுத்துகளை வைப்பேன். "பிரேக், அக்கா?" "ஓம்." "பட்டி?" "ஓம் மனே." முதல் குளிர்காலம் அப்படியே போனது. இரண்டாவதில்தான் எனக்குள் அரிக்கத் தொடங்கியது. நான் கேட்டு முடிக்குமுன் ஓம் வந்துவிடுகிறதே? பெல்ட் பற்றிக் கேட்கிறேன், அவர் கை இன்னும் சறுக்கில் இருக்கிறது, ஆனால் ஓம். பார்த்தாரா, பாராமல் சொல்கிறாரா? வயதுக்கு மூத்த ஒருவரிடம் "உண்மையாகப் பார்த்தீர்களா?" என்று எப்படிக் கேட்பது? கேட்காமல் சரி போட்டேன். போட்டுவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சரிகளை நினைத்துக்கொண்டே கார் ஓட்டினேன்.

அதன் பிறகு கயிறுகளைக் கவனிக்கத் தொடங்கினேன். காலையில் வண்டிகளின் கைபிடிகளில் தொங்கும் கயிறுகளில் சில, வேலை முடிகிற நேரத்தில் இல்லை. ஒருநாள் அக்கா இரண்டு கயிறுகளைச் சுருட்டித் தன் சாப்பாட்டுப் பைக்குள் வைப்பதைக் கண்ணாடிக்குள்ளிருந்து கண்டேன். வேறெங்கோ கொடுக்கிறாரோ? பழுதானதை ஒளிக்கிறாரோ? கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "உனக்குச் சந்தேகம் வராத சாமான் இந்த வீட்டில ஒண்டு இருக்கோ? ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தினா லைட் நூருதோ எண்டும் பாக்கிறனீ."

அப்போது மகளுக்கு ஆறு வயது. நாங்கள் தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்லுவாள். ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓர் எழுத்துத் தாளைக் கொண்டு வந்து, ஆசிரியை தமிழில் எழுதியிருக்கிறார் என்று பெருமையாகக் காட்டினாள். ஓரத்தில் 'ஒம்' என்று டெனிஷ் எழுத்தில் இருந்தது. அது எங்கள் ஓம் அல்ல. டெனிஷில் அதற்கு 'மறுபடியும்' என்று பொருள். பிழை, திரும்பச் செய் என்று போடுவது. நானும் கணவரும் வயிறு நோகச் சிரித்தோம்.

மாசியில் இங்கே பள்ளிகளுக்கு ஒரு வாரம் குளிர்கால விடுமுறை. அந்த வருடம் மேஸ்டர் வேலையாட்களின் குடும்பங்களைத் தன் சுவீடன் வீட்டுக்கு அழைத்தார். கராஜில் திருத்தத்துக்கு நின்ற தன் நாலாம் நம்பர் ஸ்னேஸ்கூட்டரைக் கொண்டுவருவதாகவும், பிள்ளைகளைப் பின்னால் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றுவதாகவும் சொன்னார். கணவர் என்னைக் கேளாமலே ஓம் சொல்லிவிட்டார். மகள் வகுப்பு முழுவதற்கும் சொல்லிவிட்டாள். நான் அன்று வண்டியின் கைநூலை எடுத்து முதற்பக்கத்திலிருந்து வாசித்தேன். பின்னால் ஏறுகிறவரின் பாதம் மிதிபடியை எட்ட வேண்டும் என்றிருந்தது. மகளைச் சோபாவின் கைப்பிடியில் குதிரை போல இருத்தி, நாடாவால் காலை அளந்தேன். சப்பாத்தோடு எட்டும், சப்பாத்து இல்லாமல் எட்டாது. சப்பாத்தோடும் மறுபடி அளந்தேன்.

புறப்பட வேண்டிய வெள்ளிக்கிழமை காலையில் நாலாம் நம்பரின் தாளை வாசித்தேன். எல்லாவற்றுக்கும் ஓம். கடைசியாக, "உயிர்க் கயிறு, அக்கா. இழுத்தா எஞ்சின் நிக்குதோ?" என்று கேட்டேன்.

"ஓம் மனே."

எஞ்சின் ஓடிய சத்தமே அன்று காலை எனக்குக் கேட்கவில்லை. ஓடாத எஞ்சின் நிற்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? என் மகள் ஏறப்போகிற வண்டி. ஆனாலும் சரி போட்டேன். முதலெழுத்துகளையும் வைத்தேன். தாளை மேஸ்டரின் தட்டில் போட்டேன். அந்தக் கை ஏன் அப்படிச் செய்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அக்கா கை கழுவப் போனபோது, அவருடைய பையைத் திறந்தேன். சாப்பாட்டுப் பெட்டி, ஸிப் உறை போட்ட பைபிள், அதன் அடியில் மூன்று சிவப்புக் கயிறுகள். ஒவ்வொன்றிலும் ஒரு மட்டைத்துண்டு. ஒன்றில் 'பட்டி தொய்வு'. மற்றதில் 'அக்சிலேட்டர் இறுக்கம்'. மூன்றாவதின் மூடியில் 4 என்று கீறியிருந்தது; அதன் மட்டையில் 'நிக்கல்ல'.

"என்ன மனே, பசியா?"

அக்கா வாசலில் நின்றார். என் கை அவர் பைக்குள் இருந்தது. வெட்கப்பட வேண்டியவள் நான். ஆனால் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"நிக்கேல்லை எண்டு எழுதி வச்சிட்டு என்னட்ட ஓம் எண்டு சொன்னீங்களே அக்கா?"

"ஓம், சொன்னன்தானே. நீங்க வாசிச்சீங்க, கேட்டுட்டன் எண்டு ஓம் சொன்னன். இனித்தானே அந்த மூடி போடுற சுவிச்சை மாத்தணும்."

"நான் செய்தாச்சு எண்டு சரி போட்டிட்டன்."

அவர் முகம் மாறியது. "சரி போட்டீங்களா? கயிறு என்ட பையில கிடக்க, வண்டி எப்பிடி மனே முடிஞ்சிரிக்கும்? ஒரு வேலை மிச்சமெண்டாலும் கயிறை நான் குடுக்கமாட்டன். கைபிடியில கொழுவினாத்தான் முடிஞ்ச வண்டி. இது உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. இரண்டு குளிர்காலம் கண்ணாடி வழியாகப் பார்த்தும் தெரியாது. மற்ற வண்டிகள் எல்லாம் கயிறு திரும்பி வந்த பிறகே வெளியே போயிருந்தன. என் தாள் எப்போதும் அதற்கு முன்பே பொய் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் வீடுகளில் ஓம் என்பது பாதி நேரம் பதிலே அல்ல. தொலைபேசியில் மூச்சுக்கு மூச்சு ஓம். கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல் என்று அர்த்தம். அந்த ஓமுக்குள் வளர்ந்தவள்தான் நானும். ஆனால் டெனிஷ் தாளுக்கு முன்னால் இருந்ததும் அதை 'யா' என்று, டெனிஷில் உறுதியான ஆம் என்று, பெயர்த்து எழுதியது என்னுடைய கை. அக்கா மீது இருந்த சந்தேகத்தில் பாதியையாவது என் பேனை மீது வைத்திருக்கலாம்.

அப்போது வெளியே ஓர் எஞ்சின் உறுமியது. "நாலாம் நம்பர்" என்றார் அக்கா, பார்க்காமலே. இருவரும் ஓடினோம்.

தாள் நிரம்பியிருப்பதைக் கண்ட மேஸ்டர், இழுப்பறையிலிருந்த மாற்றுக் கயிற்றைப் போட்டு வண்டியை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டிருந்தார். கணவர் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்துவிட்டு, காருக்குப் பக்கத்தில் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். மகள் வண்டியின் பின்னால், சுற்றும் பட்டிக்கு நேரே, வாயைத் திறந்து பார்த்தபடி நின்றாள். பட்டிக்குப் பின்னால் எவரும் நிற்கக் கூடாது, அதிலிருந்து கல் தெறித்தால் ஆளை அடிக்கும். அந்த வரியைத் தமிழாக்கியவளே நான்.

"பின்னால நிக்காத புள்ள!" அக்கா ஒரு கையால் அவளை இடுப்போடு தூக்கி ஒதுக்கினார். மறுகை எஞ்சினை நிறுத்தும்படி மேஸ்டருக்குச் சைகை காட்டியது. மேஸ்டர் கயிற்றை இழுத்தார். மூடி கழன்று வந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் கையிலிருந்த மூடியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், பிறகு திறப்பைத் திருகினார். நின்றது.

ஒன்றும் நடக்கவில்லை. எவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மேஸ்டர் சட்டைப்பையிலிருந்து என் தாளை எடுத்து விரித்தார். கடைசி வரியில் என் சரி. கீழே என் முதலெழுத்துகள். "இது பார்க்கப்பட்டதா?" என்று டெனிஷில் கேட்டார். என்னைத்தான் கேட்டார்.

"ஓம்" என்றார் அக்கா.

மேஸ்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெல்லத் தலையசைத்தார். "யா. ஒம்" என்று சொல்லித் தாளை இரண்டாகக் கிழித்தார். மறுபடியும். முதல் வரியிலிருந்து.

அன்று பின்னேரம் அக்கா சுவிச்சையும் கயிற்றையும் சேர்த்தே மாற்றினார். இந்த முறை நான் கண்ணாடி அறைக்குள் இருக்கவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றையும் கண்ணால் கண்ட பிறகே சரி போட்டேன். கடைசியில் எஞ்சினை ஓடவிட்டு, அக்கா கயிற்றை என் கையில் தந்தார். இழுத்தேன், நின்றது. போதாமல் இன்னும் இரண்டு தரம் இழுத்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் பையைத் திறந்ததைப் பற்றி மேஸ்டரிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பழைய கயிற்றை மட்டையோடு என் கையில் வைத்து, "இனி என்ட பையில தேடத் தேவையில்ல" என்றார். அது பகிடியா, குத்தலா என்று எனக்கு இன்றும் தெரியாது.

நாங்கள் சனிக்கிழமை புறப்பட்டோம். அக்கா சபைக்குப் போகவேண்டும் என்று வரவில்லை. சுவீடனில் மகள் மேஸ்டரின் பின்னால் ஏறி, பாதம் மிதிபடியில் பதிய, ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். நான் முழங்காலளவு பனிக்குள் நின்று எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று கோப்பி குடிக்கும்போது மேஸ்டர் சொன்னார்: "இரண்டு குளிர்காலமாக நீங்கள் இருவரும் கராஜ் முழுக்க ஒம், ஒம் என்று கத்துவதைக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு வேலையையும் ஒருவரையொருவர் திரும்பச் செய்ய வைக்கிறீர்கள் என்று நினைத்தேன். இவ்வளவு கவனமான ஆட்களை நான் கண்டதில்லை என்று மனைவியிடம்கூடச் சொன்னேன்." கணவர் சிரித்துச் சிரித்துக் கோப்பியைக் கொட்டிவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவுக்கு டெனிஷ் கதைக்க வருமே என்ற நினைவு மட்டும் வந்தது.

இப்போது மகளுக்குப் பத்து வயது. அக்கா டோஸ்ட்ருப் என்ற ஊரில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போய்விட்டார். நான் வேறோர் அலுவலகத்தில் இருக்கிறேன். வீட்டில் யார் ஓம் சொன்னாலும், "கேட்ட ஓமோ, செய்த ஓமோ?" என்று கேட்டு எல்லோரையும் அலுப்படிக்கிறேன். மகள் அதற்காகவே 'யா' என்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவை அழைத்தேன். பிள்ளைகளின் கதை, முழங்கால் வலி எல்லாம் முடிந்த பிறகு, நான்கு வருடமாக வைத்திருந்ததைக் கேட்டேன். "அக்கா, அண்டைக்கு மேஸ்டருக்கு நீங்க சொன்னது தமிழ் ஓமோ, டெனிஷ் ஒமோ? என்னைக் காப்பாத்தத்தான் சொன்னீங்களோ?"

பின்னால் யாரோ முதியவர் டெனிஷில் அவரைக் கூப்பிடுவது கேட்டது.

"ஓம் மனே" என்றார். வைத்துவிட்டார்.

நான் கதவடியில் நின்று அந்த மட்டைத்துண்டைத் திருப்பி வாசித்தேன். பிறகு, கயிறு கொக்கியில் சரியாகக் கொழுவியிருக்கிறதா என்று ஒருதரம் இழுத்துப் பார்த்தேன்.