ஹைவேயில் மாட்டிக்கொண்டதாகச் சொன்ன பொய்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் என் பக்கத்து மெஷினில் தைத்துக்கொண்டிருந்த சுமதி, கல்யாணமாகி சிட்னிக்குப் போனாள். "ரோடு அகலம் பண்றாங்கடி, ஒரு மணி நேரமா கார் நகரல" என்று அடிக்கடி வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவாள். ஏசி காரில் உட்கார்ந்துகொண்டு என்ன புலம்பல் என்று எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் தன் அம்மாவைக் கண் ஆபரேஷனுக்கு வேலூர் அழைத்துப்போகச் சொன்னாள். சரி என்றேன். அன்று காலை அவளுடைய புதுக் கார் ஸ்டேட்டஸில் வந்தது. எனக்குப் போக மனமில்லை. வீட்டில் இருந்தபடியே, "பாலம் வேலைடி, ஹைவேல மாட்டிக்கினேன்" என்று அவளுக்குப் பேசி அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. "ஐயோ, வெயில்ல நிக்கிறியா? அந்த பேஜாரு எனக்குத் தெரியாதா? அம்மாவ பஸ்ல போகச் சொல்லிட்டேன். நீ மொதல்ல தண்ணி குடி."

கூசிப்போனேன். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வேலூருக்கு ஓடினேன். சாலையில் நெரிசலே இல்லை. ஆஸ்பத்திரியில் தனியாக உட்கார்ந்திருந்த சுமதியின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்ளோ நேரம் மாட்டிக்கினியோ, பாவம்" என்றார்.

உண்மையை இருவரிடமும் இன்னும் சொல்லவில்லை. பொறாமை போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். என் பொய்யை ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பினாளே, அவள் கஷ்டத்தை நான் ஒருநாளும் நம்பவில்லை.