ரங்கூன் கூப்பிடு தூரமா?

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வீரம்மாவின் வடையையும் வாயையும் அறியாதவர் இல்லை. புருஷன் கண்ணை மூடிய பிறகு வடைச்சட்டியை நம்பியே இரண்டு பெண்களை ஆளாக்கியவள். அந்த வாய் மட்டும் இல்லையென்றால் அவளை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

பெண்களைக் கூப்பிடு தூரத்தில்தான் கட்டிக்கொடுப்பேன் என்று அவளுக்கு ஒரு வைராக்கியம். மூத்தவள் வள்ளியம்மாவை அப்படித்தான் பின்வரிசை வீட்டில் கொடுத்தாள். கொடுத்து என்ன? போன தீபாவளிக்கு மகள் வீட்டுக்கு இரவல் போன இட்லிக் கொப்பரை ஓட்டையாகத் திரும்பி வந்தது. அதில் மூண்ட சண்டை. அன்றிலிருந்து தாயும் மகளும் எதிர்ப்பட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

இப்போது இளையவள் தனலெட்சுமிக்கு ஒரு வரன். பையன் இராமலிங்கம் பக்கத்து ஊரான ரவாங்கில் பிறந்தவன்; இப்போது ரங்கூனில் ஏரோப்பிளேன் இறங்கும் திடலில் மெக்கானிக். குணம் தங்கம். தனத்துக்கும் பிடித்துப்போயிருந்தது. வரனைக் கொண்டுவந்த சபாபதி, வீரம்மா புருஷனின் பழைய கூட்டாளி, கையோடு பதில் கேட்டு உட்கார்ந்திருந்தார்.

"ரங்கூன் எம்மாந்தூரம்ணே?"

"நேரா பறந்தா ஆயிரம் மைலுதான் தங்கச்சி. கப்பல்லதான் நாள்கணக்கு. பினாங்குல ஏரோப்பிளேன் ஏறினா, வழியில பாங்காக்குல எண்ணெய் ஊத்திக்கிட்டு, பொழுது சாயறதுக்குள்ள ரங்கூன்லா."

"ஏரோப்பிளேன்ல தொரைமாருதான் ஏறுவாங்க. நான் என்ன, வடைச்சட்டிக்கு றெக்கை கட்டிக்கிட்டா பறப்பேன்? நாளைக்கு இவளுக்கு ஒண்ணுன்னா, இங்கேருந்து கூப்பிட்டா கேக்குமா?"

சபாபதி வெற்றிலையை மென்றார்.

உள்ளே உளுந்து ஆட்டிக்கொண்டிருந்த தனம் குழவியை நிறுத்தினாள். அழுதிருந்தாள். ஆனாலும் குரல் தெளிவாக வந்தது.

"அக்கா கூப்பிடு தூரத்துலதானம்மா இருக்கா. நீ கூப்பிட்டியா?"

வீரம்மாவுக்குச் சுருக்கென்றது. சின்னவளை அடக்க வாயெடுத்தவள், அப்படியே எழுந்து பின்வாசலுக்குப் போனாள். ஊரையே வாயால் ஆண்டவள் அன்றைக்கு முனகலாகத்தான் கூப்பிட்டாள்.

"வள்ளி."

ரயில் யார்டில் எஞ்சின் ஊதியது. அது ஓயும்வரை நின்றாள். பிறகு அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள்.

"அடியே வள்ளி!"

வள்ளியம்மா இடுப்பில் பிள்ளையோடு, செருப்பும் போடாமல் ஓடி வந்தாள். வந்தவள் வேலியோரம் தயங்கி நின்றுவிட்டாள்.

"அங்க நின்னு என்னடி பாக்குற? உள்ள வா. தங்கச்சிக்கு ரங்கூன் மாப்பிள்ளை. தட்டு மாத்தணும், நீ இல்லாம எப்படி?"

வள்ளி தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இருவருமே அழுதார்கள். சபாபதி எச்சிலைத் துப்பிவிட்டு வந்து மெல்லக் கேட்டார்.

"அப்ப, அந்த ஆயிரம் மைலு?"

"இருந்துட்டுப் போவுதுண்ணே," என்றாள் வீரம்மா, முந்தானையில் முகத்தைத் துடைத்தபடி. "கூப்பிட்டாதான தெரியும், கேக்குதா இல்லையான்னு."