மாமா பூசிய கண்பூச்சு

பிள்ளையளே, இன்று குசினி அடுப்படியில் கற்றாழையும் நல்லெண்ணெயும் மணத்ததும் என் மாமாவின் ஞாபகம் வந்தது.

மலாயாவில் வேலை பார்த்துப் பென்சனோடு புத்தூருக்கு வந்த மாமா, இரண்டாம் கலியாணத்துக்கு ஆயத்தமானார். அப்படியொரு மினுக்கரை நான் பிறகு காணவில்லை. கண்ணோரச் சுருக்கம் போகவேணுமாம். கற்றாழைச் சோற்றை எண்ணெயும் தேனும் விட்டு அரைத்துத் தரும்படி என் அம்மாவை வாட்டினார். அடுப்பூதியே அம்மாவின் கண்கள் சிவந்து சுருங்கிக் கிடந்தன.

"அக்கா, உனக்கும் கொஞ்சம் பூசன். கிழவி மாதிரி இருக்கிறாய்," என்று சிரித்தார்.

பெண் பார்க்கிற அன்று காலை, பூசிக்கொண்டே சாய்மனைக் கதிரையில் நித்திரையானார். தேனுக்கு எறும்பு வராதா? கடித்த கடியில் இரண்டு கண்ணும் பணியாரம்போல வீங்கிவிட்டன. அப்படியும் போனார். பெண்ணின் தாய் வாசல் படலையடியில், "வாங்கோ, மாப்பிள்ளை பின்னாலை வாறாரோ?" என்று கேட்டார். சம்பந்தம் அதோடு முறிந்தது.

"உன்ரை கைதான் சரியில்லை!" என்று வந்து அம்மாவை ஏசினார். அம்மா அவர் கண்ணுக்கு ஈரத்துணி ஒத்தினார்.

"உந்தப் பூச்சை ஆர் அரைச்சது?" என்று இன்று நான் கேட்டேன்.

"எங்கடை அம்மாதான், ஐயா," என்றாய் மூத்தவளே, கண்ணோரம் பூசிக்கொண்டு, கண்ணாடியை விட்டுத் திரும்பாமலே.