நான் அடித்துவிட்ட கேள்வி

செய்தி வந்தபோது நான் ஒருவருடைய காதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநோயாளிப் பிரிவில் திங்கட்கிழமைக் கூட்டம். மேசையில் கைப்பேசி விடாமல் அதிர்ந்தது. துறையின் வாட்ஸப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள்: டாக்டர் சுலைகா காலையில் தவறிவிட்டார், மாலை அசர் தொழுகைக்குப் பின் ஏரலில் அடக்கம். படித்தேன். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அந்தக் காதைத் துடைத்து, மருந்தெழுதி, அடுத்தவரைக் கூப்பிட்டேன். பதினோரு மணி வரை அப்படியே பார்த்தேன். யார் யார் வந்தார்கள், என்ன எழுதிக் கொடுத்தேன், எதுவும் நினைவில்லை. பிறகு கையைக் கழுவிவிட்டு ஏரல் பஸ்ஸில் ஏறினேன்.

சுலைகா எங்கள் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டவர். நான் காது மூக்கு தொண்டைப் பிரிவு. ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தோம். காது மடலிலிருந்து செவிப்பறை வரை இருக்கும் ஓர் அங்குலக் குழாயில் வளரும் பூஞ்சையைப் பற்றி இருவரும் சேர்ந்து ஆய்வு செய்தோம். சக மருத்துவர்களுக்கு அது கேலிக்குரிய விஷயம். இதயமும் மூளையும் இருக்கும்போது காது அரிப்புக்கு ஓர் ஆராய்ச்சியா என்பார்கள். சுலைகா விடமாட்டார். "ராத்திரி பூரா காதக் குடைஞ்சிட்டு உக்காந்திருக்கவன்கிட்ட போயி அதச் சொல்லுங்க பாப்போம்" என்பார்.

போன வாரம் கல்லூரியில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு இதைப் படிக்கும் உங்களில் சிலர் வந்திருந்தீர்கள். தன் ஆய்வில் நேர்ந்த பிழையைத் தானே ஒத்துக்கொண்ட பெரிய மனுஷி என்று ஒருவர் பேசினார். எல்லாரும் தலையசைத்தார்கள். அடுத்து ஒலிபெருக்கி என் கைக்கு வந்தது. ரமலான் மாதத்தில் அவர் தூக்குவாளியில் கொண்டுவரும் நோன்புக்கஞ்சியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டில் கை வைத்தால் எழுந்துவிடுகிறேன். அந்தப் பிழை அவருடையதல்ல. அவர் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் அதை எடுத்துப் போடத்தான் இதை எழுதுகிறேன்.

விக்கிரமசிங்கபுரம் பக்கத்து நூற்பாலைத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகக் காதுப் பூஞ்சையோடு வந்தார்கள். பெரும்பாலோர் ஷிப்ட் முடிந்ததும் நேரே ஆற்றில் இறங்கிக் குளிப்பவர்கள். ஆற்று நீர்தான் காரணம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஒரு விஷயம் எனக்குத் தோன்றிவிட்டால் அப்புறம் நான் யார் சொல்வதையும் கேட்பவனல்ல. நோயாளிகளிடம் கேட்க வேண்டியவற்றைச் சுலைகா ஒரு படிவமாக எழுதிக் கொண்டுவந்தார். ஒன்பது கேள்விகள். ஒன்பதாவது, 'வேலை நேரத்தில் காதில் எதுவும் வைப்பதுண்டா?' படிவம் இரண்டாவது பக்கத்துக்குப் போகிறதே என்று எனக்கு எரிச்சல். அந்தக் கேள்வியைச் சிவப்பு மையில் குறுக்கே அடித்துவிட்டேன். அவர் சண்டை போட்டார். "நோயாளி பொய் சொல்லமாட்டான் டாக்டர். ஆனா நாம கேக்காதத அவனாச் சொல்லவும் மாட்டான்" என்றார். நான் ஒரு பக்கத்திலேயே அச்சடித்துக்கொண்டேன்.

முடிவு நான் நினைத்தபடியே வந்தது. ஆற்றில் குளிப்பவர்களுக்குப் பூஞ்சை அதிகம். கட்டுரை எழுதினோம், என் பதவி உயர்வுக்கும் அது உதவும்போல இருந்தது. வெளிநோயாளிப் பிரிவுச் சுவரில் பெரிதாக ஒரு நோட்டீஸ் ஒட்டினோம்: ஆற்றில் குளிக்காதீர்கள், காதில் தண்ணீர் புகாமல் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். சொன்னதோடு நில்லாமல் ஆய்வுக்கு வந்த அத்தனை பேருக்கும் சீட்டில் எழுதியும் கொடுத்தேன்.

ஆறு மாதம் கழித்து இசக்கிமுத்து என்ற ஆலைத் தொழிலாளி திரும்ப வந்தார். ஆற்றை விட்டுவிட்டார், வீட்டில் குளிப்பதும் கழுத்து வரைதான். அப்படியும் காது முன்னைவிட மோசம். இடது செவிப்பறையில் ஓட்டை விழுந்திருந்தது. நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தபோது, மாதிரி எடுக்க வந்த சுலைகா இடுக்கியை உள்ளே விட்டு, கறுத்துப்போன பஞ்சு உருண்டை ஒன்றை வெளியே எடுத்தார். இது எப்போது வைத்தது என்று கேட்டார்.

"மிசின் சத்தத்துக்கு நாங்க எல்லாரும் வைக்கதுதான. கீழ கெடக்க பஞ்ச ரெண்டு பிய்ச்சித் திணிச்சிக்கிடுவோம். நீங்க வேற தண்ணி போவக்கூடாதுன்னு சொன்னீயளா, அதான் இப்ப எடுக்கதே இல்ல" என்றார் இசக்கிமுத்து.

ஆலைத் தரையில் கிடக்கும் தூசிப் பஞ்சு, வேர்வையில் ஊறி, நாள் முழுக்கக் காதுக்குள். ஆற்றில் குளித்தவர்கள்தான் ஆலையில் பஞ்சு வைத்தவர்களும். நாங்கள் ஆற்றைக் குற்றம் சொல்லி, நோய் வளரும் பஞ்சை வைக்கச் சொல்லியிருந்தோம். சுலைகா அடுத்த இரண்டு வாரமும் ஆலை வாசலில் நின்று ஒவ்வொருவராக விசாரித்துவிட்டு வந்தார். பஞ்சு வைக்காதவர்களில் ஆற்றுக்குப் போகிறவர், போகாதவர் என்ற வித்தியாசமே தெரியவில்லை.

துறைக் கூட்டத்தில் சொல்லிவிடலாம் என்றார். பதவி உயர்வு நேர்காணல் முடியட்டும், பைய ஒரு திருத்தம் போடலாம் என்றேன் நான். அவர் அதற்கு நிற்கவில்லை. கூட்டத்தில் எழுந்து, எங்கள் முடிவு தவறு, கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று சொல்லிவிட்டார். எங்கே தவறு நடந்தது என்று துறைத் தலைவர் கேட்டார். சுலைகா என்னைப் பார்த்தார். நான் முன்னால் இருந்த காகிதத்தைப் பார்த்தேன். நல்ல நேரம் கொடுத்துத்தான் காத்திருந்தார். இன்றைக்கு நினைத்தாலும் அந்த நேரம் நீண்டுகொண்டே போகிறது. பிறகு அவரே, "நான் சரியா விசாரிக்காம விட்டுட்டேன் சார்" என்றார்.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் நேராகப் போய் அந்த நோட்டீஸை நகத்தால் சுரண்டிக் கிழித்தார். நான் பின்னாலேயே போய், எதற்காகப் பழியைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்று கேட்டேன். கேட்பதற்கு எனக்கு வெட்கமில்லாமல் இருந்திருக்கிறது.

"யாரு செஞ்சதுன்னு அங்கன பஞ்சாயத்து பண்ணிட்டிருந்தா இன்னைக்கும் பத்து பேரு பஞ்சு வச்சிட்டுப் போவான். உம்ம தப்ப நீரு எப்ப வேணும்னாலும் சொல்லலாம் வே, நான் தடுக்கல" என்றார். என்னை அவர் 'வே' போட்டுப் பேசியது அந்த ஒரு நாள்தான்.

நான் சொல்லவில்லை. பதவி உயர்வு வந்தது. அவருடைய பெயர் அடுத்தடுத்த ஆய்வுக் குழுக்களில் வரவில்லை. கவனமில்லாதவர் என்று ஒரு பேச்சு அவரோடு கூடவே அலைந்தது. அது என் காதுக்கும் வந்தது, நான் வாயைத் திறக்கவில்லை. பார்த்தால் சிரிப்போம், நோன்புக்கஞ்சியும் ஆண்டு தவறாமல் வந்தது. அவருக்குச் சிறுநீரகம் பழுதாகி விடுப்பில் போன பிறகு அதுவும் நின்றது.

அடக்கம் முடிந்து ஏரல் வீட்டிலிருந்து கிளம்பும்போது அவருடைய தம்பி ஒரு நீளமான நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ராத்தா உங்ககிட்டதான் கொடுக்கச் சொன்னாங்க என்றார். பஸ்ஸில் பிரித்தேன். நாங்கள் தவறான சீட்டு எழுதிக் கொடுத்த அத்தனை பேருடைய பெயரும் முகவரியும் அதில் இருந்தன. சுலைகா ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய், நாங்கள் சொன்னது தவறு என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தேதி போட்டிருக்கிறார். பன்னிரண்டு பெயர்களுக்குத் தேதி இல்லை. எனக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

அந்தப் பன்னிரண்டில் முதல் பெயரைத் தேடி நேற்றுப் போனேன். செல்லம்மாள், ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது சேரன்மகாதேவியில் மகள் வீட்டில் இருக்கிறார். கதவைத் திறந்தபோதே பார்த்துவிட்டேன், இரண்டு காதிலும் பஞ்சு. எடுத்துவிட்டு விளக்கடித்துப் பார்த்தேன். உள்ளே அரிப்பும் ஈரமும் இருந்தாலும் செவிப்பறை நன்றாக இருந்தது. மருந்து கொடுத்தேன். பிறகு, அன்று கேட்க வேண்டிய கேள்வியை அடித்தவன் நான், உங்களுக்குத் தப்பாகச் சொல்லிவிட்டேன், இனி பஞ்சு வேண்டாம், காது ஆறியதும் ஆற்றில் குளிக்கலாம் என்று ஒரு மூச்சில் சொல்லி முடித்தேன்.

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"எங்க வீட்டு ஆளு போனப்ப, சுடுகாட்டுல காடாத்திட்டு எல்லாரும் ஆத்துல முங்குனாவ. நான் மட்டும் படியில நின்னு கால நனைச்சிட்டு வந்தேன் அய்யா. டாக்டரு வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்காவளேன்னு" என்றார்.

என்னால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. அவர் மகள் காப்பி கொண்டுவந்தார், நின்றுகொண்டே குடித்தேன். இப்படி எத்தனை வீட்டில் எத்தனை பேர் சுலைகாவிடம் சொல்லியிருப்பார்கள்? எனக்கு வர வேண்டியதையெல்லாம் ஞாயிறு தவறாமல் போய் வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். அந்த நோட்டை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். செல்லம்மாளுக்கு எதிரே தேதி எழுதியாகிவிட்டது. இன்னும் பதினொரு பேர் காதில் பஞ்சோடு இருக்கிறார்கள்.