குஸ்தி நின்றது, சொம்பு நிற்கவில்லை

செருப்புக்கடையின் பெரிய கண்ணாடியைக் கடக்கும்போதெல்லாம் என் கணவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வார். கடை தாண்டியதும் விடுவார். அவர் குஸ்தியை விட்ட நாளிலிருந்து பின்னால் நடந்து பார்த்துவருகிறேன். ஒருநாளும் கேட்டதில்லை.

கோலாப்பூரில் ஹிந்துராவ் பயில்வானைத் தெரியாதவர்கள் அப்போது குறைவு. முழங்கால் கெட்டதும் கோதாவை விட்டுச் சந்திரி என்ற எருமையை வாங்கினார். மாலையில் தெருமுனையில் சந்திரியை நிறுத்தி, கேட்பவர்களுக்கு அங்கேயே தம்ளரில் நுரையோடு கறந்து கொடுப்பார். வயிற்றைத் தட்டிக்கொண்டே, "அவ்வளவும் தசையா இருந்தது. பயிற்சிய நிறுத்தினதும் கொழுப்பா மாறிடுச்சு. பயில்வான் தலையெழுத்து" என்பார். பால் குடிக்க வந்தவர்களும் தலையாட்டுவார்கள்.

எங்கள் மகள் சானிகா பளுதூக்கப் போனபோது அவர் முதலில் தடுக்கவில்லை. தெருப்பெண்கள்தான் "பொண்ணு ஆம்பள மாதிரி ஆயிடுவா" என்றார்கள். இரண்டு வருடம் தூக்கியும் என் ரவிக்கை அவளுக்குத் தொளதொளவென்றுதான் இருந்தது. தீபாவளிக்கு ஒரு வரன் வந்ததும் அவர் மாறிவிட்டார்.

"இத்தோட நிறுத்திக்கோ. கல்யாணத்துக்கப்புறம் எப்படியும் நின்னுடும். நின்னா என்னாகும்னு என்னப் பாரு."

"ஜனவரியில மாவட்டப் போட்டி இருக்கு, பாபா."

"போட்டி போயிடும். வயிறு போகாது."

அவள் தூக்கும்போது போடும் காலணியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள்.

அந்தச் சமயம்தான் சினையாயிருந்த சந்திரிக்குப் பால் வற்றியது. பாக்கெட் பாலை அவர் பால் என்றே ஒத்துக்கொள்ளமாட்டார். இன்னொருவன் எருமைப் பாலை நின்று குடிப்பதோ மானக்கேடு. கோதாவில் இருந்த காலம் முதல் காலையும் இரவும் அவருக்குப் பால் ஊற்றித்தந்த பெரிய பித்தளைச் சொம்பைக் கழுவிப் பரணில் வைத்தேன். வருமானத்துக்காகத் தன் தம்பி கேசர்கரின் வயலுக்குக் கரும்பு வெட்டப் போனார். கட்டுகளைத் தோளில் தூக்கி வண்டியில் ஏற்றும் வேலை.

டிசம்பர் முடிவதற்குள் அவர் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. தோள் திரண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோளமாவு பக்ரியும் காரக்குழம்பு ரஸ்ஸாவும் சாப்பிட வந்த தம்பி கேசர்கரிடம் கையை மடக்கிக் காட்டினார்.

"பாத்தியா? கொழுப்பு மறுபடி தசையாகுது."

"வயசு திரும்புதுண்ணே. அண்ணி, பத்திரம்" என்றான் கேசர்கர்.

சானிகா பக்ரி தட்டுவதை நிறுத்தினாள். "அப்படின்னா எனக்கு என்ன பயம், பாபா? நான் நிறுத்தி கொழுப்பானாலும், கரும்பு வெட்டினா திரும்ப தசையாயிடும்ல?"

கேசர்கருக்குப் புரையேறியது. என் கணவர் என்னைப் பார்த்தார். வழக்கமாக அப்படிப் பார்த்தால் நான் அடுப்பைப் பார்ப்பேன். ஆனால் அன்றைக்கு அவள் பக்கம் பேச வேறு யாரும் இல்லை.

"எதுவும் எதுவாவும் மாறலைங்க. குஸ்தி நின்னுச்சு, சொம்பு நிக்கல. இப்ப சொம்பு பரண்ல இருக்கு. தோள்ல இருக்கறது கரும்பு தூக்கினது."

"இத்தனை வருஷமா நீதானே ஊத்தின?"

"நீங்கதானே நீட்டினீங்க."

கேசர்கர் தட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்ச் சிரித்தான். இவர் பரணை அண்ணாந்து பார்த்தார். பிறகு ரஸ்ஸாவைக் குடித்துமுடித்தார். கை கழுவிவிட்டு வந்து, கட்டிலுக்கடியில் குனிந்து காலணியை இழுத்து, தூசி தட்டி மகள்முன் வைத்தார்.

"போ. என்னைக்காவது நிறுத்தினா, சொம்பையும் சேத்து நிறுத்திடு."

ஜனவரிப் போட்டியில் சானிகா நாலாவதாக வந்தாள். வரன் வீட்டார் இன்னும் பதில் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. தினமும் பயிற்சிக்குப் போகிறாள். சந்திரி கிடாரி ஈன்று பால் தருகிறது. இவர் காலையில் ஒரு தம்ளர் மட்டும் குடிக்கிறார். செருப்புக்கடையைக் கடக்கும்போது இப்போதும் மூச்சை இழுத்துக்கொள்கிறார்.