மாப்பிள்ளைக்கு வைத்த ஆப்பு

முட்டாள்தனத்துக்குப் பரிசு கொடுக்கும் வழக்கம் இருந்தால், எங்கள் வீட்டில் அதை வைக்க இடம் போதாது. அறுபதை நெருங்கும் வயதில், போட்டிக்கு முதல் நாள், எதிராளியின் கோடாரியை நானே உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தவன் நான்.

மரம் வெட்டுவது என் பிழைப்பு. பொங்கல் விளையாட்டில் மரம் வெட்டுவது என் திமிர். சிறுவாச்சூர் தொடங்கித் திருமழபாடி வரைக்கும் எங்கே கட்டையைப் போட்டாலும் போய் நிற்பேன். ஆளுக்கு ஒரு புளியங்கட்டை, ஒரே கனம். விசில் ஊதியதும் வெட்ட வேண்டும். முதலில் இரண்டாக்கியவனுக்கு எவர்சில்வர் குடம். எங்கள் வீட்டில் பதினொரு குடம் இருக்கிறது. "ஒரு தடவையாவது குக்கர் குடுக்குற ஊரா பாத்துப் போங்களேன்" என்பாள் மனைவி.

இந்த வருடம் எங்கள் ஊர் விழாக்குழு வீட்டுக்கே வந்தது. "அண்ணே, வயசாயிடுச்சு. நடுவரா உக்காந்து விசில் ஊதுங்க."

என்னை மாலை போட்டுச் சுவரில் மாட்டியது போலிருந்தது. "இன்னும் ஒரு தடவை வெட்டுறேன். தோத்தா கோடாலியத் தொடல, விசிலுதான்" என்றேன். அப்புறம்தான் தெரிந்தது, என் எதிரில் நிற்கப் பெயர் கொடுத்திருப்பவர் எறையூரில் கரும்பு வெட்டும் என் மாப்பிள்ளை என்று.

முதல் நாளே மகளோடு வந்து இறங்கினார். அவர் கோடாரித் தலை காம்பில் ஆடியது. மாப்பிள்ளை ஆயிற்றே, விட முடியுமா? எனக்கென்று செதுக்கி வைத்திருந்த ஆப்பை எடுத்து அதில் இறுக்கி அடித்தேன்.

"ஒங்களுக்கு வேணாமா மாமா?"

"நம்மளுது தண்ணில ஊறுனாலே இறுகிக்கும் மாப்ளே. நாளைக்கு ஒங்களுக்கு நான் வைக்கப்போற ஆப்பு வேற!"

வீடே சிரித்தது. அந்தச் சிரிப்பில் என் கோடாரியை ஊறப்போடவே மறந்துவிட்டேன்.

மறுநாள் பத்து வெட்டு வரைக்கும் நான்தான் முன்னால். பதினொன்றாவதை ஓங்கினேன், கையில் காம்பு மட்டும் இருந்தது. தலை பின்பக்கம் பறந்து, பரிசுக்கு வைத்திருந்த குடத்தில் டணார் என்று விழுந்தது.

மாப்பிள்ளை வெட்டுவதை நிறுத்தினார். "மாமா, என்னுத எடுத்துக்குங்க."

வாங்கவா முடியும்? "வெட்டுங்க மாப்ளே!" என்றேன். நாலே வெட்டு.

விசிலை அங்கேயே என் கழுத்தில் மாட்டினார்கள். நசுங்கிய குடத்தைப் புது நடுவர்தான் மாப்பிள்ளைக்கு வழங்கினார்.

சாயங்காலம் மனைவியிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "தோத்தது கோடாலிதான், நான் இல்ல. வர்ற வருசம் ஒரே ஒரு தடவை…"

"விசில கழுவி வச்சிருக்கேன்."