பல்வலி வந்த அரக்கன்

தென்காசியில் ஊமைப்படம் ஓடிய காலத்தில், திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்வது என் வேலை. கையில் மூங்கில் குச்சி, வாயில் பனங்கற்கண்டு. திரையில் ஓடுகிற வெள்ளைக்காரன் யார், எதற்காக ஓடுகிறான் என்று கூட்டத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். எனக்கும் அது தெரியாது என்பது வேறு விஷயம். படப்பெட்டி சாயங்கால ரயிலில் வரும். விளக்கு வைத்ததும் படம் ஓடும். நான் குத்துமதிப்பாக அடித்துவிடுவேன். பெரும்பாலும் பலித்தது. கதைகளெல்லாம் ஒரே அச்சு: அழகாக இருப்பவன் நல்லவன், பெரிய பல் இருப்பவன் கெட்டவன்.

அந்தச் சாரல் காலத்தில் எனக்குக் கட்டம் சரியில்லை. ஒரு படத்தில் கதாநாயகியின் தகப்பனாரை அவளுடைய புருஷன் என்று சொல்லிவிட்டேன். கடைசியில் அவரே அவளை இன்னொருவனுக்குக் கல்யாணம் செய்து வைத்ததும், பாதிக் கொட்டகை எழுந்து சண்டைக்கு வந்தது.

கொட்டகைக்கார அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பினார். “வே, இன்னொரு தடவ பிசகுச்சுன்னா, நீரு குத்தாலத்துல போயி குளிக்க வாரவனுக்கு எண்ணெ தேய்ச்சுப் பொழைக்க வேண்டியதுதான்.”

“எண்ணெ தேய்க்கக் கையில பலம் வேணுமே அண்ணாச்சி.”

“அப்ப அதுவும் கெடையாது. போவும்.”

எனக்குக் கலக்கமாகிவிட்டது. நான் வாயைத் திறந்தால் மற்றவர்கள் வாயை மூடுகிற இடம் இந்த ஊரிலேயே அந்தக் கொட்டகை ஒன்றுதான். எங்கள் வீட்டில் பசுமாடுகூட என் பேச்சை மதிக்காது.

அன்று வந்த பெட்டியில் ஒரு பொம்மைப் படம் இருந்தது. வரைந்த பொம்மைகள் தாமாக நடப்பதை நானே அன்றுதான் பார்த்தேன். அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த கூட்டம் மணலில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. திரையில் மலைபோல ஓர் அரக்கன். எதிரே ஒரு ராஜகுமாரி. எனக்கு உயிர் வந்தது. இந்தக் கதை தெரியாதா!

“இதோ பாருங்கள், ஏழு மலை தாண்டி வாழும் கொடிய அரக்கன்! போருக்குப் புறப்பட்டுத் தலைப்பாகை கட்டியிருக்கிறான்! வாயைத் திறக்கிறான்! ஐயோ, ராஜகுமாரியை விழுங்கப் போகிறான்!”

பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. “ஏ தம்பி, கண்ணு தெரியலையா ஒனக்கு? அது தலப்பாவா? தாடையில துணியக் கட்டிக்கிட்டுக் கெடக்கான். அவனுக்குப் பல்லு வலிக்கி!”

திரும்பிப் பார்த்தேன். ராஜகுமாரி அரக்கனின் பல்லில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். அவனோ பச்சைப்பிள்ளை போல அழுதான். கொட்டகை குலுங்கியது.

நல்லவேளையாகக் குதிரையில் ஒரு ராஜகுமாரன் வந்தான். விட்ட மானத்தைப் பிடிக்க, “அஞ்சா நெஞ்சன் வந்துவிட்டான்!” என்று முழங்கினேன். அஞ்சா நெஞ்சன், பிடுங்கி விழுந்த பல்லைப் பார்த்த மாத்திரத்தில் மரத்தில் ஏறிக்கொண்டான்.

“ஒம்ம சேக்காளியா அவன்? நல்லா ஏறுதானே!” என்றார் முன்வரிசையில் ஒருவர்.

வேலை போய்விட்டது. இனி யாருக்குப் பயம்? குச்சியைக் கீழே போட்டேன். தாடையில் மேல்துண்டைக் கட்டிக்கொண்டு அரக்கனாகவே பேசினேன். “ஏ ராசா, எறங்கி வாரும். ஒம்ம ஒண்ணும் செய்ய மாட்டேன். பல்லு பெருசா இருக்கதுனால என்னக் கெட்டவன்னு இந்தக் குச்சிக்காரன்தான் வாய்க்கு வந்தபடி சொல்லுதான்!”

கூட்டம் சிரித்த சிரிப்பில் நான் பேசியது எனக்கே கேட்கவில்லை.

படம் முடிந்ததும் அண்ணாச்சி குடையோடு வந்தார். நான் மேல்துண்டை அவிழ்த்து நின்றேன்.

“நாளைக்கும் இதே தப்பச் சொல்லும்.”

“கதைதான் இப்ப தெரிஞ்சுபோச்சே அண்ணாச்சி. சரியாவே சொல்லுதேன்.”

“சரியாச் சொன்னீரு, எண்ணெதான்!”

அந்தப் படம் இருந்தவரை தினமும் அரக்கனைக் கெட்டவன் என்றேன். தினமும் திட்டு வாங்கினேன். இலஞ்சியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து திட்டியவர்களும் உண்டு. பல் பெரியவனுக்காக ஊரே பரிந்து பேசிய அந்த நாட்களைப் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை.

பிறகு படங்கள் தாமே பேச ஆரம்பித்தன; என் வாய்க்கு ஓய்வு கொடுத்தார்கள். இப்போதும் பெரிய படத்துக்கு முன்னால் பொம்மைப் படம் போடுகிறார்கள். அரக்கன் தலைகாட்டியதும், “விழுங்கப் போகிறான்” என்று பக்கத்து நாற்காலிக்குக் கேட்கும்படி சொல்லிப் பார்க்கிறேன். யாரும் திட்டுவதில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்கிறார்கள்.